முதல் வார்டு போஸ்டிங்: துணைக்கு ஆளில்லாத நோயாளிக்காகப் பேசுவது எப்படி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமாவோ சேர்ந்து, முதல் தடவையாக வார்டுக்குப் போகிற மாணவர்களுக்கானது இது. போனதும் கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) எழுத ஒரு நோயாளியைக் கொடுப்பார்கள், சில சமயம் இரண்டு பேரை. அதே வார்டில் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் வரிசை வரிசையாகக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார். உங்களுக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. மருந்தை மாற்றச் சொல்ல முடியாது, டாக்டரிடம் வாதாட முடியாது. ஆனால் ஒரே கட்டிலின் பக்கத்தில் காலை முழுக்க நிற்கிற நேரம் அந்த வார்டில் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. நோயாளிக்காகப் பேசுவதென்றால் யாரையாவது எதிர்த்து நிற்பது என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். முக்கால்வாசி வேலை பார்ப்பது, அளப்பது, எழுதுவது. மீதிதான் பேச்சு. அளக்காமல் பேசப் போனால்தான் அது சண்டையாக முடிகிறது.

ஒரு உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை பக்கத்துப் பாட்டி, வயது 70, எடை 45 கிலோ. வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருக்கிறது. ஸ்கின் ட்ராக்‌ஷன் (காலில் கட்டுப் போட்டு, கயிற்றில் எடையைத் தொங்கவிட்டு இழுத்துப் பிடிப்பது) போட்டு ஆபரேஷனுக்காகக் காத்திருக்கிறார். கூட வந்த மகன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை, லீவு முடிந்து போய்விட்டார். கேஸ் ஷீட்டில் யாரோ 'நான் கோ-ஆபரேட்டிவ்' (non-cooperative, ஒத்துழைக்காதவர்) என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி நோயாளி எல்லா ஆர்த்தோ வார்டிலும் உண்டு.

யார் மீது முதலில் கண் வைப்பது

அட்டெண்டர், அதாவது கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள், இல்லாதவர். வார்டில் பேசுகிற மொழி தெரியாதவர். காது கேட்காதவர், கண் தெரியாதவர், வரும்போது கண்ணாடியை வீட்டிலேயே விட்டு வந்தவர். ஞாபக மறதி, மனநோய், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர். குழந்தைகள். போலீஸ் கொண்டுவந்து சேர்த்த 'அன்நோன்' (அடையாளம் தெரியாத) நோயாளி. எச்.ஐ.வி., தொழுநோய், காசநோய் என்று தெரிந்ததும் பக்கத்துக் கட்டில்காரர் நகர்ந்து படுக்கிற நோயாளி. இவர்களோடு இன்னொரு வகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எதைக் கேட்டாலும் "பரவால்லமா, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்கிறவர். தொந்தரவே கொடுக்காத நோயாளியைத்தான் வார்டு முதலில் மறக்கும்.

கட்டில் காலடியில் ஐந்து நிமிடம்

கேஸ் ஷீட்டைத் திறப்பதற்கு முன்னால் கட்டிலின் கால்மாட்டில் நின்று பாருங்கள். ஷீட்டை முதலில் படித்துவிட்டால் அதில் எழுதியிருப்பதுதான் கண்ணில் படும்.

தண்ணீர் பாட்டில் எங்கே இருக்கிறது? லாக்கர் எந்தப் பக்கம், அந்தப் பக்கத்துக் கையால் எட்டுமா? ட்ரிப்ஸ் ஏறுகிற கை எது? பாட்டியின் வலது கையில் வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்), லாக்கரும் வலது பக்கம், பாட்டிலின் மூடி இறுக்கி மூடியிருக்கிறது என்றால் அந்தத் தண்ணீர் இருந்தும் இல்லாததுதான். காலை இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் கிடக்கிறதா? பல்செட் டம்ளரில் இருக்கிறதா, வாயில் இருக்கிறதா? போர்வைக்குள் ஈர வாடை வருகிறதா? யாராவது பக்கத்தில் போனால் முகம் சுருங்குகிறதா?

அதன் பிறகு ட்ராக்‌ஷன். எடை தரையைத் தொடாமல், கட்டில் கம்பியில் இடிக்காமல் தொங்க வேண்டும். கயிறு கப்பியின் பள்ளத்தில் இருக்க வேண்டும். நோயாளி கீழே சரிந்து வந்து பாதம் கட்டில் முனையில் முட்டிக்கொண்டிருந்தால் எடை எதையும் இழுக்கவில்லை, வலி மட்டும்தான் மிச்சம். கால் பெருவிரலை மேல்நோக்கித் தூக்கச் சொல்லுங்கள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தொட்டுத் தெரிகிறதா என்று கேளுங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. கட்டு அங்கே அழுத்தினால் பாதம் தொங்கிப்போகும். விரலைத் தூக்க முடியவில்லை என்றால் ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக் கூடாது. எடையை நீங்களாகக் கழற்றவும் கூடாது. உடனே ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

குதிகாலையும் வால் எலும்புப் பகுதியையும் தினமும் பாருங்கள். புத்தகத்தில் 'சிவந்திருந்தால் விரலால் அழுத்து, வெளுக்கிறதா பார்' என்று இருக்கும். நம் ஊர் கறுத்த தோலில் சிவப்பும் தெரியாது, வெளுப்பும் தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, கெட்டியாக, அல்லது கொழகொழவென்று இருந்தால், தொட்டதும் வலித்தால், அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம். படுக்கைப் புண் வரும் அபாயத்தைக் கணக்கிடும் பிரேடன் ஸ்கோர் 18-ம் அதற்குக் கீழும் வந்தால் ஆபத்து என்று கணக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அழுத்தம் மாற வேண்டும் என்பது பொது விதி. ட்ராக்‌ஷனில் இருப்பவரைப் புரட்ட முடியாது என்பதால் எப்படித் தூக்குவது, எவ்வளவு சாய்க்கலாம் என்று ஸ்டாஃபிடமோ பிசியோவிடமோ கேட்டுக்கொண்டு இரண்டு பேராகச் செய்யுங்கள்.

'நான் கோ-ஆபரேட்டிவ்' எங்கிருந்து வருகிறது

இந்த ஒரு சங்கிலியைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பாட்டிக்குப் பெட்பான் கேட்க வெட்கம். கேட்டாலும் வர நேரமாகும், வந்தாலும் இடுப்பைத் தூக்கும்போது உயிர் போகிற வலி, சுற்றிலும் ஆண்கள் நடமாட்டம், திரை பாதிதான் மூடும். அதனால் அவரே ஒரு முடிவு எடுக்கிறார்: தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் வராது. இரண்டு நாளில் சிறுநீர் அடர் மஞ்சளாகிறது, மலம் இறுகுகிறது, காய்ச்சல் எட்டிப் பார்க்கிறது. மூன்றாவது நாள் சாயங்காலம் மகனைத் தேடுகிறார், கயிற்றைப் பிடுங்குகிறார், வென்ஃப்ளானை இழுக்கிறார். இரவு ட்யூட்டிக்காரர் எழுதுவது அந்த இரண்டு வார்த்தை. அதற்கடுத்த இரவு மணிக்கட்டில் கட்டுத்துணி.

வயதானவருக்குத் திடீரென்று வருகிற குழப்பத்தை 'வயசாச்சு, அப்படித்தான்' என்று தள்ளிவிடுவதுதான் வார்டில் அடிக்கடி நடக்கிற தப்பு. மறதி நோய் மாதக் கணக்கில் வளரும். நேற்றுக் காலை தெளிவாக இருந்து இன்று குழம்பினால் அதற்குப் பெரும்பாலும் உடம்பில் காரணம் உண்டு: தண்ணீர்க் குறைவு, சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், வலி, ஆக்சிஜன் குறைவு, சர்க்கரை இறக்கம், புதிதாக ஆரம்பித்த மருந்து. விபத்தில் வந்த ஆண் நோயாளி சேர்ந்த இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத பூச்சியைத் தட்டிக்கொண்டிருந்தால் கடைசியாக எப்போது மது குடித்தார் என்று கேளுங்கள். குடியை நிறுத்தியதால் வருகிற அந்தக் குழப்பம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

குழப்பத்தைச் சோதிக்க 'பிரதமர் யார்' என்றெல்லாம் பள்ளிக்கூடமே போகாதவரிடம் கேட்பதில் பொருளில்லை. பிள்ளைகள் பேரை வயசு வரிசையில் சொல்லச் சொல்லுங்கள். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். காலையில் என்ன சாப்பிட்டார், இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். முதல் நாளே கேட்டு எழுதி வைத்திருந்தால்தான் மூன்றாம் நாள் மாற்றம் தெரியும்.

அளப்பது எப்படி? ஒரு லிட்டர் பாட்டிலில் கால், அரை, முக்கால் என்று பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். வார்டு டம்ளர் ஒன்றை அளவு ஜாடியில் ஊற்றி எத்தனை மில்லி என்று தெரிந்துகொள்ளுங்கள். டம்ளருக்கு டம்ளர் வித்தியாசம் இருக்கும். கஞ்சி, காபி, இளநீர் எல்லாம் கணக்கில் சேரும். சிறுநீர் மணிக்கு ஒரு கிலோ எடைக்கு அரை மில்லியாவது வர வேண்டும். 45 கிலோ பாட்டிக்கு மணிக்கு 22 மில்லி சொச்சம், ஒரு நாளைக்கு 540 மில்லி. ஈரமான துணி, படுக்கை விரிப்பு என்றால் 'ஈரம், அளக்கவில்லை' என்று எழுதுங்கள். பூஜ்யம் என்று போடாதீர்கள்.

இதில் பாதி விஷயத்துக்கு நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாட்டிலை இடது கைப் பக்கம் வையுங்கள், மூடியைத் தளர்த்துங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்களே பெட்பான் வேண்டுமா என்று கேளுங்கள். தட்டையான பெட்பான் இருந்தால் அதை முறியாத காலின் பக்கமிருந்து நுழையுங்கள். திரை போதாவிட்டால் இன்னொரு மாணவியைப் போர்வை பிடிக்கச் சொல்லுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குத் தண்ணீர் அளவு கட்டுப்பாடு இருக்கலாம், ஆபரேஷனுக்காகப் பட்டினி போட்டிருக்கலாம். தண்ணீர் கொடுக்கும் முன் ஷீட்டைப் பார்க்க மட்டும் மறக்கக் கூடாது.

கேட்கிற விதம்

"பெயின் இருக்காம்மா?" என்று கேட்டால் தலையை ஆட்டுவார்கள். ஆமாமா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. "எங்கம்மா நோவுது? தொட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். பூஜ்யத்திலிருந்து பத்து என்ற கணக்கு பலருக்குப் பிடிபடாது. 'சும்மா இருக்கறப்ப நோவுதா, அசைஞ்சா மட்டும் நோவுதா, ராத்திரி தூங்க விடுதா' என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால் டாக்டருக்கே அது அதிகம் பயன்படும். பேச முடியாத மறதி நோயாளிக்கு மூச்சு, முனகல், முகம், உடம்பு, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்தைப் பார்த்து மதிப்பெண் போடும் பெய்னாட் அளவுகோல் இருக்கிறது. சின்னக் குழந்தைக்கு ஃப்ளாக். இரண்டுக்கும் மொத்தம் பத்து.

டிரெஸ்ஸிங்கின்போது கத்துகிறவருக்கு வலி மருந்து எப்போது போகிறது என்று சார்ட்டில் பாருங்கள். பல இடத்தில் டிரெஸ்ஸிங் முடிந்த பிறகுதான் மாத்திரை. வாய்வழி மருந்து வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி ஆகும். "சிஸ்டர், இவங்களுக்கு எழுதியிருக்கிற மருந்தை டிரெஸ்ஸிங்குக்கு முன்னாடியே கொடுக்கலாமா?" என்ற ஒரு கேள்வியில் தீர்கிற விஷயம் இது.

வேலூர் வார்டில் மொழி ஒரு தனிப் பாடம். மலைக்காரர்களின் தமிழ் இழுப்பு வேறு. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டிலிருந்து வருகிற பல அம்மாக்களுக்கு உருதுதான் வாய்க்கு வரும். சித்தூர் பக்கத்திலிருந்து தெலுங்கு. தனியார் மருத்துவமனை வார்டென்றால் வங்காளமும் இந்தியும் தமிழுக்குச் சமமாகக் கேட்கும். கேரளத்திலிருந்து படிக்க வந்த மாணவிகளுக்குத் தமிழே புதிது. பாக்கெட் நோட்டில் நான்கைந்து சொல் எழுதிக்கொள்ளுங்கள்: வலிக்குத் தெலுங்கில் நொப்பி, உருதுவிலும் இந்தியிலும் தர்த், வங்காளத்தில் ப்யதா, தண்ணீருக்கு அதே வரிசையில் நீள்ளு, பானி, ஜொல்.

பெரிய விஷயம் பேச வேண்டியிருந்தால் மொழிபெயர்க்க ஆள் வேண்டும். மாதவிடாய், கர்ப்பம், அடி, எச்.ஐ.வி. போன்ற பேச்சுக்குக் கணவரையோ, பத்து வயதுப் பிள்ளையையோ, பக்கத்துக் கட்டில்காரரையோ மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. மொழி தெரிந்த ஸ்டாஃப் யார் என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டால் சொல்வார். பேசும்போது மொழிபெயர்ப்பவரைப் பார்க்காமல் நோயாளியைப் பாருங்கள். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். முடிவில் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் "ம்" என்றுதான் சொல்வார்கள். "வீட்டுக்குப் போனா இந்த மாத்திரைய எப்பப் போடுவீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

யாரிடம், எந்த வரிசையில்

முதலில் அந்தக் கட்டிலைப் பார்க்கிற ஸ்டாஃப் நர்ஸ். கூடவே உங்கள் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர். அடுத்தது வார்டு இன்சார்ஜ் சிஸ்டர். டாக்டருக்கு அவர்கள் மூலமாகப் போவதுதான் முறை. புரொஃபசர் ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னிலையிலும் "சார், இவங்களுக்கு ரெண்டு நாளா யாரும் தண்ணி கொடுக்கல" என்று ஆரம்பித்தால் ஸ்டாஃப் நர்ஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது மாதிரி ஆகும். அன்றைக்குத் தண்ணீர் கிடைக்கலாம். அதற்குப் பிறகு போஸ்டிங் முடியும்வரை நீங்கள் சொல்கிற எதையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள், அந்த நஷ்டம் நோயாளிக்குத்தான்.

சொல்ல வேண்டியதை முதலில் தாளில் எழுதுங்கள். நீங்கள் யார், என்ன பிரச்சினை, முன்கதை என்ன, அளந்தது என்ன, என்ன வேண்டும். ஐஸ்பார் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தது இதுதான். வார்டில் அது இப்படி ஒலிக்கும்:

"சிஸ்டர், ஒரு நிமிஷம். நான் நர்சிங் ஸ்டூடண்ட். 14-ம் கட்டில் பாட்டி நேத்து ராத்திரியிலிருந்து குழம்பிப் பேசறாங்க. நேத்து காலையில பிள்ளைங்க பேரு, ஊரு எல்லாம் கரெக்டா சொன்னாங்க. தொடை எலும்பு முறிவு, ட்ராக்‌ஷன்ல நாலாவது நாள். காலையில 7 மணியிலிருந்து 11 வரைக்கும் 150 மில்லிதான் குடிச்சிருக்காங்க, யூரின் 60 மில்லி, அடர் மஞ்சள். டெம்பரேச்சர் 100.4, பல்ஸ் 108, பி.பி. 100-க்கு 60. மூணு நாளா மோஷன் இல்ல. நீங்க ஒரு தடவை வந்து பாக்கறீங்களா? டாக்டருக்கு இப்பவே சொல்லணுமா?"

நாற்பது விநாடிக்குள் முடிந்துவிடும். 'பாவமா இருக்கு', 'ஒரு மாதிரி இருக்காங்க', 'யாருமே கவனிக்கல' எதுவும் அதில் இல்லை. கடைசியில் கேள்வி இருக்கிறது. கேள்வி இல்லாமல் முடித்தால் "ம், சரி" என்று பதில் வரும், அதோடு நின்றுவிடும்.

ஸ்டாஃப் நர்ஸ் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது, ரத்தம் ஏற்றச் சரிபார்க்கும்போது, ஓவர் கொடுக்கும்போது (அடுத்த ஷிஃப்ட்டிடம் வார்டை ஒப்படைக்கும்போது) குறுக்கே போகாதீர்கள். அவசரமென்றால் மட்டும் குறுக்கிடலாம். எது அவசரம்? மூச்சு நிமிடத்துக்கு 8-க்குக் கீழ் அல்லது 30-க்கு மேல், ஆக்சிஜன் 90-க்குக் கீழ், மேல் பி.பி. 90-க்குக் கீழ், எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு, மார்வலி, நிற்காத ரத்தம். அப்போது வரிசை, மரியாதை எதுவும் வேண்டாம். கட்டிலை விட்டு நகராமல் சத்தமாகக் கூப்பிடுங்கள்.

சொல்லியும் நடக்கவில்லை என்றால்

இன்டர்னல் மார்க் போய்விடும் என்ற பயம் எல்லா மாணவர்களுக்கும் உண்டு. அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. அதனால்தான் எண்ணோடு பேசுவது நல்லது. எண்ணைச் சொன்னவரைத் திட்டுவது கடினம், கருத்தைச் சொன்னவரைத் திட்டுவது சுலபம்.

அரை மணி கழித்து மறுபடி அளந்து, புது எண்ணோடு அதே சிஸ்டரிடம் போங்கள். "சிஸ்டர், பல்ஸ் இப்ப 116. எனக்குக் கவலையா இருக்கு." இரண்டாம் தடவையும் அசையவில்லை என்றால் இன்ஸ்ட்ரக்டரைக் கட்டிலுக்கே கூட்டிவந்து காட்டுங்கள், அவருடைய அறையில் போய்ச் சொல்வதைவிட இது பலன் தரும். அதற்கு மேல் வார்டு இன்சார்ஜிடம் பேசுவது இன்ஸ்ட்ரக்டரின் வேலை. சில நாள் ஏச்சு விழும். "சரி சிஸ்டர்" என்று வாங்கிக்கொண்டு எண்ணை மட்டும் திரும்பச் சொல்லுங்கள்.

எழுதுவதும் இதே மாதிரிதான். 'இன்டேக் குறைவு' என்பதற்குப் பதில் '7–11 மணி: 150 மில்லி'. 'கன்ஃப்யூஸ்டு' என்பதற்குப் பதில் '"எம் பையன் எங்க" என்று 20 நிமிடத்தில் மூன்று முறை கேட்டார். பிள்ளைகள் பெயர் வரிசை தவறு'. யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள். மாணவர் எழுதியதன் கீழ் ஸ்டாஃபோ இன்ஸ்ட்ரக்டரோ கையெழுத்துப் போட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். குற்றச்சாட்டு வாசனை அடித்தால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

பட்டினி

ஆபரேஷன் லிஸ்டில் கடைசிப் பெயர் எப்போதும் அட்டெண்டர் இல்லாதவருடையதாகவே இருக்கும் என்று வார்டில் ஒரு பேச்சு உண்டு. கடைசிப் பெயர் தள்ளிப்போனால் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். இரவு பத்து மணிக்கு நிறுத்திய சாப்பாடு. மதியம் மூன்று மணிக்கு கேஸ் கேன்சல். ஆபரேஷன் தியேட்டருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். சாப்பிடலாம் என்று பாட்டியிடம் சொல்ல மட்டும் ஆளில்லை. சாயங்காலம் வரை வெறும் வயிறு, மறுநாளும் அதே கதை.

மயக்க மருந்துக்கு முன் லேசான உணவுக்கு 6 மணி நேரமும், வெறும் தண்ணீர் போன்ற தெளிந்த திரவத்துக்கு 2 மணி நேரமும் இடைவெளி போதும் என்பது பெரியவர்களுக்கான பொது வழிகாட்டல். காலையில் லிஸ்ட் வந்ததும் உங்கள் நோயாளி எத்தனையாவது என்று பாருங்கள். கடைசி என்றால் "சிஸ்டர், எத்தனை மணி வரைக்கும் தண்ணி கொடுக்கலாம்னு அனஸ்தீசியா டாக்டரைக் கேக்கலாமா?" என்று கேளுங்கள். மதியத்துக்கு மேல் கேஸ் நடக்குமா என்று மறுபடி கேளுங்கள். நடக்காதென்றால் சாப்பாட்டுக்கு உத்தரவு வாங்கித் தரச் சொல்லுங்கள். நீங்களாகப் பரிதாபப்பட்டு ஒரு வாய் காபி கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போகலாம், தெரியவந்தால் ஆபரேஷனே இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போகும்.

கையெழுத்து, கட்டு, ரகசியம்

ஆபரேஷன் சம்மதம் வாங்குவது டாக்டர் வேலை. சாட்சிக் கையெழுத்தை மாணவர் போடக் கூடாது, யார் சொன்னாலும். தெளிந்த புத்தியுள்ள பெரியவருக்குப் பதிலாக மகன் கையெழுத்துப் போட்டால் அது அவர் சம்மதமாகாது. கைநாட்டு வைக்கிறவரும் எதற்கு வைக்கிறோம் என்று தெரிந்துதான் வைக்க வேண்டும். ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் சொன்னது. பாட்டியிடம் "நாளைக்கு என்ன பண்ணப் போறாங்கன்னு சொன்னாங்க?" என்று கேளுங்கள். "கட்டு பிரிக்கப் போறாங்க" என்று பதில் வந்தால் அதை அப்படியே சிஸ்டரிடம் சொல்லுங்கள். விளக்கம் நீங்கள் கொடுக்க வேண்டாம்.

கையைக் கட்டியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது உத்தரவு இருக்கிறதா, எத்தனை மணிக்குக் கட்டியது என்பது. கட்டுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை விரல் நுனியின் நிறமும் சூடும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவிழ்த்து அசைத்து, தண்ணீர், பெட்பான். கட்டில் தடுப்புக் கம்பியில் கட்டக் கூடாது, கம்பியை இறக்கும்போது கை சேர்ந்து இழுபடும். நீங்கள் பக்கத்தில் இருக்கிற நான்கு மணி நேரமாவது அவிழ்த்து வைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஆள் இருக்கும்போது கட்டு எதற்கு என்று பெரும்பாலான சிஸ்டர்கள் ஒத்துக்கொள்வார்கள். பாகாயத்திலோ வேறெங்கோ மனநலப் போஸ்டிங் போகும்போது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் கட்டுவதைப் பற்றிய பகுதியைப் படித்துவிட்டுப் போங்கள். தண்டனையாகக் கட்டக் கூடாது, வேறு வழியே இல்லாதபோது தேவையான நேரத்துக்கு மட்டும் என்கிறது அது.

எச்.ஐ.வி. நிலையைச் சம்பந்தமில்லாதவருக்குச் சொல்வதை 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. கட்டில் தலைமாட்டில் சிவப்பு அட்டை தொங்கவிடுவது, ஷீட்டின் மேலட்டையில் பெரிதாக எழுதுவது, ஓவர் எடுக்கும்போது கட்டில் முன் நின்று சத்தமாகச் சொல்வது எல்லாம் இதில் அடங்கும். தொழுநோய்க்குக் கரிகிரியில் 1955-லிருந்து மருத்துவமனை இயங்கிவரும் மாவட்டத்தில் இன்னும் அந்த நோயைச் சொல்லத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பாதத்தில் உணர்ச்சி இல்லாதவரிடம் வெந்நீர்ப் பை கொடுக்காதீர்கள், சூடு தெரியாமலே வெந்துபோகும்.

உடம்பில் காயம் வேறு கதை சொன்னால்

குளிப்பாட்டும்போது பழைய தழும்பு, கைவிரல் அச்சு மாதிரி கன்றல், சிகரெட் சூடு கண்ணில் படலாம். கூட இருப்பவர் சொல்கிற காரணம் காயத்தோடு ஒட்டாமல் இருக்கலாம். அங்கேயே விசாரணை நடத்தாதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள், அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள், "புருஷன்தான் அடிச்சாரா?" என்று வாயில் திணிக்காதீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "உங்க பாதுகாப்புக்காக எங்க மேடம்கிட்ட மட்டும் சொல்லணும்" என்று சொல்லுங்கள். அதே ஷிஃப்ட்டில் இன்ஸ்ட்ரக்டருக்கும் இன்சார்ஜுக்கும் போய்ச் சேர வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் பாலியல் கொடுமை என்ற சந்தேகம் இருந்தால் 2012 போக்சோ சட்டப்படி தெரிவிப்பது கட்டாயம். குடும்பம் வேண்டாம் என்றாலும் மாறாது. உதவி எண்கள்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, மனநலத்துக்கு 14416.

காகித வேலை

காசில்லை என்று டிஸ்சார்ஜ் கேட்கிறவரை விடுவதற்கு முன் மருத்துவ சமூகப் பணியாளரைப் பார்க்க வையுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாவிட்டால் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். தகவலுக்கு 1800 425 3993. இங்கே ஒரு சிக்கல்: 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஜவ்வாது மலையும் வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டத்தில் கிடக்கிறது. 'வேலூர் மாவட்டம்' என்று பழைய அட்டையில் இருப்பவர் இப்போது வேறு கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டியிருக்கலாம். ஊர், தாலுகா இரண்டையும் கேட்டு எழுதிக் கொடுத்தால் மகனுக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.

உங்கள் கைக்காசைக் கொடுக்காதீர்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் உதவி கேட்காதீர்கள்; நல்ல மனசோடு செய்தாலும் அது நோயாளியின் முகத்தை அவரைக் கேட்காமல் ஊருக்குக் காட்டியதாகும். "ஆபரேஷன் நாளைக்கே நடந்துடும் பாட்டி" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "கேட்டுட்டு பன்னெண்டு மணிக்கு வந்து சொல்றேன்" என்று சொல்லி, பதில் கிடைக்காவிட்டாலும் பன்னிரண்டு மணிக்குப் போய் நில்லுங்கள்.

வீட்டுக்குப் போகும் முன்பும், போஸ்டிங் முடியும் முன்பும்

வாக்கரோடு போகிறவரிடம் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். படி எத்தனை? வெளிக்கு எங்கே போவார்? ஒடுகத்தூரில் இறங்கி அதற்கு மேல் எப்படி ஏறுவார்? குந்தி உட்காரக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறோம், வீட்டில் மேற்கத்திய கழிப்பறை இருக்காது. நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று போதும் என்று மகனிடம் முன்கூட்டியே சொன்னால் ஊரில் தச்சரிடம் செய்துகொள்வார். மாத்திரை உறையில் சூரியன், நிலா வரைந்து கொடுங்கள். தையல் பிரிக்கிற தேதியை, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முடியுமா என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அதற்காக மறுபடி வேலூர் வருவது முழு நாள் பயணம்.

உங்கள் போஸ்டிங் வெள்ளிக்கிழமை முடிகிறது, பாட்டி இன்னும் கட்டிலில் இருக்கிறார் என்றால் வியாழக்கிழமையே அவரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்து வருகிற மாணவியைக் கூட்டிவந்து பேர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். பாட்டில் இடது பக்கம், பெட்பான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலது காது மந்தம், டிரெஸ்ஸிங்குக்கு முன் மாத்திரை, மகன் ஞாயிற்றுக்கிழமை வருவார் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்து, அதையே இன்சார்ஜ் சிஸ்டரிடமும் காட்டுங்கள். கேஸ் ஸ்டடியில் பெயர், ஊர், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) எதுவும் வரக் கூடாது. '70 வயதுப் பெண்' போதும்.